இசிதோர் என்று இரண்டு முறை

அவரை இரண்டு முறை கூப்பிட வேண்டும். முதல் முறை கூப்பிட்டால் அசைய மாட்டார். திரையிலிருந்து கண்ணை எடுத்து, எதிரே இருக்கும் வெற்றுச் சுவரைப் பார்த்தபடி அப்படியே இருப்பார். இரண்டாவது முறை கூப்பிட்டதும் நிதானமாகத் திரும்பி, "யெஸ்" என்பார். அமெரிக்காவில், பிளானோ நகரத்து எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் இது பழகிப்போயிருந்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கள் மேனேஜர் டெபி, மீட்டிங் அறையில் ஸ்பீக்கரை அவர் பக்கமாக நகர்த்தி வைப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். காது அவருக்கு நன்றாகவே கேட்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். காரில் பக்கத்து லேன்காரனை நான் வாய்க்குள்ளேயே திட்டுவதைக்கூடக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர் அவர்.

அது நான் டிரைவிங் டெஸ்டில் இரண்டு தடவை தோற்றிருந்த காலம். என் கணவருக்கு அலுவலகம் வேறு திசையில். ஃபிரிஸ்கோவில் எங்களுக்கு அடுத்த தெருவில் குடியிருந்த அவர்தான் என்னைத் தினமும் காலையில் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் இறக்கிவிடுவார். மன்னார் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் கரூர்க்காரி, 'அண்ணா' என்பேன். அவர் 'தங்கச்சி' என்பார். முதல் வாரம் அவர் பேச்சு எனக்குப் பாதிதான் பிடிபட்டது; 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்பார். என் பேச்சு அவருக்குப் பாட்டுப் போல இருக்கிறதாம். எந்த வகையில் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அலுவலக பேட்ஜை அவர் கழற்றி நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் காரில் ஏறியதும் கழுத்திலிருந்து உருவி எறிவார்கள். இவர் இந்தியன் ஸ்டோருக்கும் அதோடுதான் வருவார். அதில் பெரிய எழுத்தில் ISIDORE என்று இருக்கும். பில் போடுகிற பெண் அதைப் படித்து, "ஹேவ் எ குட் டே, இஸடோர்" என்று சொல்லிவிட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். "ஏனுங்கண்ணா, தூங்கறப்பவாச்சும் அதைக் கழட்டுவீங்களா?" என்று கேட்டேன். "அக்காவைக் கேளுங்கோ" என்றார். அக்கா என்பது அவர் மனைவி.

காபிக் கடையில் இன்னும் மோசம். அங்கே கோப்பையில் எழுதப் பெயர் கேட்பார்கள். பெயரைச் சொல்லிவிட்டு, கடையின் கடைசி மூலைக்குப் போய் ஜன்னலோரம் நின்றுகொள்வார். காபி தயாரானதும் அந்தப் பையன் கூப்பிடுவான். இவர் வெளியே பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவன் கையை வாயில் குவித்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை கத்துவான். அப்புறம்தான் நகர்வார். எனக்கு எட்டரைக்கு மீட்டிங் இருக்கும். "கவுன்டர்கிட்டயே நின்னா என்னங்கண்ணா?" என்று எரிச்சலாகக் கேட்டால், "அங்க நிண்டால் கத்த மாட்டினம் தங்கச்சி" என்பார். சரி, ஒவ்வொருத்தருக்கும் ஒரு கிறுக்கு என்று விட்டுவிட்டேன்.

இசிதோர் அவருடைய பெயரே இல்லை. அது அவர் அப்பாவின் பெயர். நம் வழக்கப்படி பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். இந்த நாட்டில் முன்னால் நிற்பதுதான் கூப்பிடுகிற பெயர். நம்மவர்களில் பாதிப் பேர் வந்து இறங்கிய அன்றே இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு, ஒரு மாதம் அலைந்து சரிசெய்துவிடுவார்கள். இவர் பதினொரு வருடமாக அப்படியே விட்டுவைத்திருந்தார். எனக்கோ ஊழியர் தகவல்களைச் சுத்தம் பண்ணுகிற வேலை. இரட்டைப் பதிவு, பழைய முகவரி, இடம் மாறிக் கிடக்கும் பெயர் என்று எது கண்ணில் பட்டாலும் கை சும்மா இருக்காது.

"அண்ணா, உங்க ஃபர்ஸ்ட் நேமும் லாஸ்ட் நேமும் மாறிக் கெடக்குதுங்க. ஐ.டி.க்கு ஒரு டிக்கெட் போட்டா ரெண்டு நாள்ல சரியாயிரும். நான் போடட்டுங்களா?"

"இருக்கட்டும் தங்கச்சி. பழகிட்டுது."

கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெயரின் கதையை அவர் சொன்னது முழுக்க, அலுவலகத்துக்குப் போகிற டோல்வே சாலையில்தான். பிப்ரவரி மாதத்துச் சில காலைகளில் ரோடு முழுக்கப் பனி இறங்கிக் கிடக்கும். முன்னால் போகிற வண்டிகளின் சிவப்பு விளக்கு மட்டும் தெரியும். தண்ணீர்த் தொட்டிகள் காலில்லாமல் வானத்தில் மிதக்கும். அந்த மாதிரி நாட்களில் அவர் ரேடியோவை அணைத்துவிடுவார். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. அப்போதுதான் வாயைத் திறப்பார். கதையை வரிசையாகச் சொல்ல மாட்டார். நேற்று ஸ்பெயினில் விட்டிருப்பார், இன்று எகிப்தில் தொடங்குவார்.

"எகிப்தில ஈசிஸ் எண்டு ஒரு தெய்வம் இருந்தவ. தோரோன் எண்டால் கிரேக்கத்தில கொடை. ஈசிஸ் குடுத்த பிள்ளை. அதுதான் இசிதோர்."

"ஞாயித்துக்கெழமை தவறாம சர்ச்சுக்குப் போறவங்க நீங்க. உங்க வீட்டுல எகிப்து சாமி பேருங்களா?"

"ஓம். பெயருக்குள்ள ஒளிச்சிருந்து வந்திட்டா."

எகிப்தில் குடியேறிய கிரேக்கர்கள் தங்கள் ஆண்பிள்ளைகளுக்கு வைத்த பெயராம் அது. ஈசிஸ் கப்பல்களுக்குக் காவல் தெய்வமாம். குளிர்காலம் முடிந்து கடல் திறக்கும்போது, ஒரு சின்ன ஓடத்தை ஜோடித்து அவள் பெயரில் தண்ணீரில் விடுவார்களாம். பிறகு காலம் மாறியது. அவள் கோயில்களைப் பூட்டினார்கள், சிலைகளை உடைத்தார்கள். "ஆனால் பெயரை ஆரும் உடைக்கேல்லை. உடைக்க வேணும் எண்டு ஒருத்தருக்கும் தோணேல்லை" என்றார். கிறிஸ்து வேதத்துக்கு வந்தவர்கள் அந்தப் பெயரோடேயே வந்தார்கள். பாலைவனத்துத் துறவிகளுக்கு அந்தப் பெயர் இருந்தது. உலகத்தில் தெரிந்தது எல்லாவற்றையும் ஒரே நூலில் எழுதிவைக்க ஆசைப்பட்ட ஸ்பெயின் ஆயர் ஒருவருக்கு இருந்தது. அதே நாட்டில், பல நூறு வருடம் கழித்து, ஒரு கூலி உழவனுக்கு இருந்தது. அவன் செபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவனுக்குப் பதிலாகத் தேவதூதர்கள் ஏர் ஓட்டினார்களாம்.

"அந்த ஆயரை இப்ப இன்டர்நெட்டுக்குப் பாதுகாவலர் எண்டும் சொல்லுகினம்."

"அப்ப நம்ம சர்வர் டவுன் ஆனா அவருகிட்ட டிக்கெட் போட்டுரலாமுங்க."

அன்று அவர் சிரித்த சிரிப்பில் எக்ஸிட்டை விட்டுவிட்டோம். அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்பி வருகிற வரைக்கும் சிரித்தார். போர்த்துக்கீசர்கள் கப்பலில் மன்னாருக்கு அந்தப் பெயரைக் கொண்டுவந்து, யாரோ ஒரு மீனவக் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றி வைத்ததையும் அந்தத் திருப்பத்தில்தான் சொன்னார். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் நடந்து வந்த பெயர், கடைசியில் அவர் அப்பாவிடம் வந்து நின்றதாம்.

இன்னொரு நாள், இதைவிட அடர்ந்த பனியில், ஈசிஸின் புருஷனைப் பற்றிச் சொன்னார்.

"அவரைச் சாகடிச்சு, துண்டு துண்டா வெட்டி ஆத்தில எறிஞ்சு போட்டாங்கள். அவ ஓடத்தில ஏறி, நாணலுக்குள்ள ஒவ்வொரு துண்டாத் தேடி எடுத்தவ. ஒரு துண்டு மட்டும் கிடைக்கேல்லை. மீன் திண்டிட்டுதாம்."

சொல்லிவிட்டு வைப்பரை இன்னும் வேகமாக ஓடவிட்டார். நான் அன்றைக்குக் கொண்டுவந்த தக்காளிச் சாதத்துக்கு உப்புப் போட்டேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் கவனம். கோழியும் ஆடும் சாப்பிடுகிற மனிதர், அதுவும் மன்னார்க்காரர், மீனை மட்டும் தொடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அலர்ஜி என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

செப்டம்பரில் அலுவலகத்தில் ஊழியர் விவரங்களை எல்லாம் புதிய சிஸ்டத்துக்கு மாற்றினார்கள். பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கிற பொறுப்பு என்னுடையது. அவர் பெயர் வந்ததும் கை நின்றது. எட்டு மாதமாக என்னை ஏற்றி இறக்கிய மனிதர். கேட்டால் மறுபடியும் 'இருக்கட்டும்' என்பார். நம்மவர்களுக்கு உதவி கேட்கத் தெரியாது, நாமாகத்தான் செய்ய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்னால் இருந்ததைப் பின்னாலும் பின்னால் இருந்ததை முன்னாலும் மாற்றினேன். 'காரணம்' என்ற கட்டத்தில், தென்னாசியப் பெயர் வழக்கம், பல வருடத் தவறு என்று விளக்கமாக எழுதினேன். புதிய பேட்ஜுக்கும் சொல்லிவைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

திங்கட்கிழமை காலை அவர் மேஜையில் புதிய பேட்ஜ் இருந்தது. மெயிலில், சாட்டில், கதவோரப் பெயர்ப்பலகையில் எல்லாம் அவருடைய சொந்தப் பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை நான் எழுதியதே போதும்.

அமெரிக்கர்களின் மரியாதையை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். ஒரு மாதத்துக்காவது பழைய பெயர் வாயில் வரும் என்று நினைத்தேன். மதியத்துக்குள் ஒருவர் வாயிலும் அது இல்லை. டெபி அவர் மேஜைக்கே வந்து, பதினொரு வருடம் தப்பான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டோமே, ஏன் சொல்லவில்லை, எங்களை மன்னித்துவிடுங்கள் என்றார். கண்கூடக் கலங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் மற்றவர்கள். சிலர் என்னிடம் வந்து உச்சரிப்பைக் கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார்கள். தப்பித்தவறி ஒருவன் "இஸ..." என்று தொடங்கிவிட்டுப் பதறிப்போய்த் திருத்திக்கொண்டான்.

அண்ணா எல்லோருக்கும் நன்றி சொன்னார். சொந்தப் பெயருக்கு ஒரே கூப்பிடலில் திரும்பினார். அவருக்குக் காது சரியாகிவிட்டது என்று டெபி சந்தோஷப்பட்டார்.

சாயங்காலம் காரில் ஏறினேன். அவர் வண்டியைக் கிளப்பவில்லை. பழைய பேட்ஜ் மடியில் இருந்தது.

"யாருங்கண்ணா செஞ்சதுன்னு கேக்க மாட்டீங்களா?" என்றேன். இன்னும் நான் பாராட்டைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும் தங்கச்சி. உங்களுக்கு நல்ல மனம்."

பார்க்கிங் லாட்டில் கார்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. குளத்துப் பக்கம் இருந்து வாத்துக்கள் வந்து வெறும் தாரில் நடந்தன. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குப் பதினாலு வயசு. சண்டைக் காலம். அப்பா பின்னேரம் வலையோட கடலுக்குப் போனவர். வரேல்லை. வள்ளமும் வரேல்லை. என்ன நடந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. உயிரோட இருக்கிறவைக்குச் செபிக்கிறதோ, செத்தவைக்குச் செபிக்கிறதோ எண்டு தெரியாம, அம்மா அந்தப் பெயரையே சொல்லாம விட்டிட்டா. நாங்களும் விட்டிட்டம். சாகுமட்டும் அவ வாயில அது வரேல்லை."

நான் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இங்க வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், டெபி கதவடியில நிண்டு, இஸடோர் எண்டு கூப்பிட்டவ. இருபது வருசத்துக்கு மேல கேக்காத பெயர். நான் பின்னுக்குத் திரும்பிப் பாத்தனான். அப்பா வந்து நிக்கிறாரோ எண்டு. ஒருத்தரும் இல்லை. ரெண்டாந்தரம் கூப்பிட்டா. ஆராவது போக வேணுமே, நான் போனன்."

"அதான் எப்பவும்..."

"ஓம். முதல் தரம் கூப்பிடுறது அவரை. வாறாரோ எண்டு பாப்பன். வராட்டி, ரெண்டாந்தரத்துக்கு நான் ஓம் எண்டுவன். ஒரு நாளைக்கு நாற்பது தரமாவது கூப்பிடுவினம் தங்கச்சி. ஊரில ஒருத்தரும் கூப்பிடாத மனுசனை."

எனக்கு அழுகை வந்தது. பதினொரு வருடமாக ஓர் அலுவலகமே சேர்ந்து அவருடைய அப்பாவைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஒரு மத்தியானத்தில் அத்தனை வாயையும் அடைத்துவிட்டேன். "நாளைக்கே பழையபடி மாத்திடறனுங்க" என்றேன். "நான்தான் தப்பாப் போட்டுட்டன்னு சொல்லிக்கிறேன்."

"வேண்டாம். அதுகள் பாவம், திரும்பவும் மன்னிப்புக் கேக்குங்கள்" என்றார். சொல்லும்போது லேசாகச் சிரித்தார்கூட. வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் காபிக் கடையில், அந்தப் பையன் பெயர் கேட்டபோது அவர் தன் சொந்தப் பெயரைச் சொன்னார். கவுன்டருக்குப் பக்கத்திலேயே நின்றார். அவருடைய பேட்ஜ் பழக்கமும் மாறிப்போயிருந்தது. காரில் ஏறியதும் எல்லோரையும் போல உருவி, கோப்பை வைக்கிற குழியில் போட்டார். அதற்குப் பிறகு வந்த பனிக் காலைகளில் ரேடியோ ஓடியது. டிராஃபிக் நிலவரமும் மழை நிலவரமும் கேட்டுக்கொண்டு போனோம். எகிப்தும் ஸ்பெயினும் திரும்பி வரவே இல்லை. அக்டோபரில், மூன்றாவது தடவையில், டிரைவிங் டெஸ்டில் பாஸ் ஆனேன். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை அக்கா போன் பண்ணினார்.

"நாளைக்கு மத்தியானம் சர்ச்சில தமிழ்ப் பூசை. நீயும் வா பிள்ளை."

"நானுங்களா? அக்கா, என் மேல உங்களுக்குக் கோவமிருக்கும்."

"நீ செய்தது சரியோ பிழையோ எனக்குத் தெரியேல்லை. மாமாவுக்கு ஒரு பூசை குடுங்கோ, இனியாவது குடுங்கோ எண்டு கலியாணம் கட்டின நாளில இருந்து சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன். குடுத்தால் செத்திட்டார் எண்டு ஆகிடுமாம். போன கிழமை தானாப் போய்ப் பெயர் குடுத்திட்டு வந்திருக்கிறார். இரவில இருந்து சாப்பிடேல்லை. வா."

நானே காரை ஓட்டிக்கொண்டு போனேன். டோல்வேயில் தனியாக நான் ஓட்டியது அதுதான் முதல் தடவை. வெளிறிய வெயில். அவர் விட்டுவிட்டுத் திரும்பிய அந்த எக்ஸிட்டைத் தாண்டும்போது, பக்கத்து இருக்கையில் யாரோ இருப்பதுபோல ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

நவம்பர் அவர்களுக்கு இறந்தவர்களின் மாதமாம். கோயிலுக்குள் பீடத்துக்கு முன்னால் ஒரு மேஜை, அதில் ஏற்றாத மெழுகுவர்த்திகள். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்த அக்காவைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அண்ணா அக்காவுக்கு அந்தப் பக்கம் இருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கழுத்தில் எதுவும் இல்லை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, எதிரே வெற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

பாதர் ஒரு நோட்டை எடுத்துப் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். ஒரு பெயர், கொஞ்சம் மௌனம். குடும்பத்தில் ஒருவர் போய் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு வருவார். அப்புறம் அடுத்த பெயர். குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. மேலே கண்ணாடி வழியாக வந்த நீல வெளிச்சம் தரையில் தண்ணீர் மாதிரி கிடந்தது. எத்தனை பெயர்கள் போயின என்று நான் எண்ணவில்லை.

"இசிதோர்" என்றார் பாதர்.

ஒரு முறைதான். மடச்சி மாதிரி நான் அவர் இன்னொரு முறை கூப்பிடுவதற்காகக் காத்திருந்தேன். கூப்பிட மாட்டார் என்பது உறைத்தபோது, எழுந்து போய் நானே கத்த வேண்டும்போல இருந்தது.

அதற்குள் அண்ணா எழுந்துவிட்டார்.

"ஓம்" என்றார்.

கோயில் முழுக்கக் கேட்டது. முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார், இழுக்கவில்லை. அந்தப் பெயருக்கு அவர் முதல் கூப்பிடலிலேயே பதில் சொல்லி அன்றுதான் கேட்டேன்.